டார்வின் வீட்டுப் புழக்கடை

டார்வின் என்றதும் நமக்கு ஒரு வெள்ளைத் தாடியும், பக்கத்திலேயே ஒரு குரங்கும் ஞாபகத்துக்கு வரும். பள்ளிக்கூடப் புத்தகம் செய்த வேலை. கப்பலில் உலகைச் சுற்றினார், கலாபகஸ் தீவில் குருவிகளைப் பார்த்தார், பரிணாமக் கொள்கையைச் சொன்னார், ஐந்து மதிப்பெண். அதோடு மனிதரை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

கப்பலில் அவர் இருந்தது ஐந்து ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. 1831 டிசம்பரில் கிளம்பி 1836 அக்டோபரில் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு 45 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தவர், மறுபடி ஒரு வெளிநாட்டிலும் கால் வைக்கவில்லை. அதில் 40 ஆண்டுகள் ஒரே வீடு, ஒரே தோட்டம், ஒரே மனைவி, ஒரே நடைபாதை. உலகத்தையே புரட்டிப்போட்ட புத்தகங்கள் அத்தனையும் அந்தப் புழக்கடையைச் சுற்றிச் சுற்றி வந்துதான் எழுதப்பட்டன. கப்பல் கதையை விட இந்த வீட்டுக் கதை சுவாரஸ்யமானது.

கதை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. 1838இல், 29 வயதில், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா வேண்டாமா என்று டார்வினுக்குக் குழப்பம். நம்மூராக இருந்தால் ஜோசியரிடம் போயிருப்பார். அவர் ஒரு தாளை எடுத்து நடுவில் பிரித்து, ஒரு பக்கம் 'பண்ணிக்கொள்', இன்னொரு பக்கம் 'வேண்டாம்' என்று தலைப்புப் போட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்ற பக்கத்தில், புத்தகம் வாங்கப் பணம் குறையும், மாலையில் படிக்க முடியாது, நேரம் வீணாகும், உறவினர் வீடுகளுக்குப் போய்த் தொலைய வேண்டும் என்றெல்லாம் வருகிறது. வேண்டும் என்ற பக்கத்தில் குழந்தைகள், முதுமையில் துணை, பேச ஓர் ஆள். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாயை விடத் தேவலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறார்! கடைசியில் பண்ணிக்கொள் பக்கம் ஜெயித்தது. 1839 ஜனவரி 29ஆம் தேதி, தாய்மாமன் மகள் எம்மாவைக் கைப்பிடித்தார். (முறைப்பெண்தான். இதில் மட்டும் அவர் நம்மூர்க்காரர்.)

புத்தகம் வாங்கக் காசு குறையும் என்று பயந்தவர் வாழ்க்கையில் பிறகு நடந்தது என்னவென்றால், அந்த எம்மாதான் அவருக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் புத்தகம் வாசித்துக் காட்டினார்.

1842 செப்டம்பரில் லண்டனை விட்டுக் குடிபெயர்ந்தார்கள். லண்டனிலிருந்து 16 மைல் தள்ளி, கென்ட் வட்டாரத்தில், டௌன் என்றொரு சிற்றூர். வீடு பெரியது, அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வந்து சில நாட்களிலேயே மேரி என்ற பெண் குழந்தை பிறந்தது. மூன்றே வாரத்தில் இறந்துபோனது. புது வீட்டில் முதல் நிகழ்ச்சி அது. இந்த வீட்டில் மொத்தம் 10 குழந்தைகள் வளைய வந்தார்கள், பெரியவர்களாக வளர்ந்தது ஏழு பேர்.

டார்வினுக்கு உடம்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. வாந்தி, தலைசுற்றல், படபடப்பு. நாலு பேர் வந்து அரைமணி பேசினால் அன்றிரவு தூக்கம் போச்சு. அதனால் நாளைக் கடிகாரம் மாதிரி அமைத்துக்கொண்டார். காலையில் சின்ன நடை, தனியாகச் சாப்பாடு, எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேர வேலை. பிறகு கடிதங்களும் எம்மாவின் வாசிப்பும். மறுபடி பன்னிரண்டு வரை வேலை. அவ்வளவுதான், முக்கியமான வேலை முடிந்தது! மீதி நேரமெல்லாம் நடை, ஓய்வு, செய்தித்தாள், கடிதம், நாவல். இரவில் எம்மாவோடு பேக்கமன் என்ற பகடை ஆட்டம், தினம் இரண்டே ஆட்டம். அதற்கும் கணக்கு வைத்திருந்தார் மனிதர். 1876இல் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், பாவம் எம்மா ஜெயித்தது 2,490தான், தான் ஜெயித்தது 2,795 என்று சின்னப்பிள்ளை போலக் குதிக்கிறார். தினமும் ராத்திரி விளையாடித் தினமும் ராத்திரி அந்த எண்ணைக் குறித்துவைத்த ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள்.

நடைக்கு ஒரு பாதை போட்டார். 1846இல் பக்கத்து நிலச்சுவான்தாரரிடமிருந்து ஒன்றரை ஏக்கர் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மரங்களை நட்டு, சுற்றிலும் மணலும் சரளையும் கொட்டிய பாதை. பெயரும் 'மணல்நடை' என்ற பொருள்படும் சாண்ட்வாக்தான். எத்தனை சுற்று நடந்தோம் என்று யோசனையில் மறந்துவிடும் என்பதால், பாதை ஓரத்தில் சிக்கிமுக்கிக் கற்களைக் குவித்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிவிடுவார். கோயில் பிரகாரத்தில் பூப்போட்டு எண்ணுகிற பாட்டிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. ஓசையின்றி அசையாமல் நிற்பதில் அவர் கெட்டிக்காரர். ஒருமுறை அப்படி நின்றபோது அணில் குட்டிகள் அவர் காலில் ஏறி முதுகு வரை போய்விட, தாய் அணில் மரத்திலிருந்து பதறிப்பதறிக் கத்தியதாம். மகன் பிரான்சிஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வீட்டில் படிப்பறை என்பது பொதுச்சொத்து. கத்தரிக்கோல், நூல்கண்டு, அளவுகோல், சுத்தியல் என்று எது வேண்டுமானாலும் குழந்தைகள் அப்பாவின் அறைக்குத்தான் ஓடுவார்கள். ஐந்தாறு முறை வந்து போனபிறகு, இனிமேல் வராமல் இருக்க முடியுமா என்று பார், நிறையத் தடவை வந்துவிட்டீர்கள் என்பது போலப் பொறுமையாகச் சொல்வாராம். திட்டு அவ்வளவுதான். நாலு வயதுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பா விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாக லஞ்சம் பேசியிருக்கிறான். மாடிப்படியில் சறுக்கி விளையாட ஒரு பலகையே செய்து வைத்திருந்தார்கள். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துத் தாள்கள் வேலை முடிந்ததும் குழந்தைகள் படம் போடும் காகிதமாயின. காய்கறிகள் குதிரையேறிச் சண்டை போடும் படம் ஒன்று அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையெழுத்துப் பிரதி பெரும்பகுதி தொலைந்துவிட்டது. எஞ்சிய தாள்களில் சில தப்பியதே பின்பக்கத்துப் படங்களின் புண்ணியத்தில்தான். மானுட சிந்தனையை மாற்றிய வரிகளுக்காக அல்ல, தங்கள் பிள்ளைகள் வரைந்த கத்தரிக்காய்ச் சிப்பாய்களுக்காக அந்தப் பெற்றோர் எடுத்துவைத்த காகிதங்கள் அவை.

கொட்டலசு என்று ஒன்று இருக்கிறது. படகின் அடியிலும் கடற்பாறையிலும் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள சின்ன உயிர். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் அதையே அறுத்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக் குழந்தைகளுக்கு, அப்பா என்றால் கொட்டலசு அறுப்பவர் என்பது உலக நியதி ஆகிவிட்டது. ஒரு பிள்ளை பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசும்போது, அப்படியானால் அந்த மாமா தன் கொட்டலசுகளை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று கேட்டதாம்.

புத்தகங்களை அவர் நடத்திய விதம் நம்மவர்களுக்குப் பிடிக்காது. காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம். டார்வினோ, கனமான புத்தகமாக இருந்தால் கையில் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நடுவில் இரண்டாகக் கிழித்துவிடுவார். புவியியலாளர் லையெல் தன் நண்பர், குருவுக்குச் சமம். அவர் புத்தகத்தையும் அப்படித்தான் வெட்டினார். வெட்டியதை லையெலிடமே சொல்ல, அடுத்த பதிப்பு இரண்டு தொகுதியாக வந்ததாம்! சிறு வெளியீடுகளில் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் பிய்த்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுவார். படிக்கும்போது ஓரத்தில் பென்சில் கோடு, கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட பக்கங்களின் பட்டியல், பிறகு பொருள்வாரியாகப் பிரித்த உறைகளில் குறிப்பு. புத்தகம் அவருக்குப் பூஜைப் பொருளல்ல, மண்வெட்டி.

ஆனால் எல்லாப் புத்தகமும் அப்படியில்லை. சிறுவனாகக் கில்பர்ட் வைட் எழுதிய செல்போர்ன் ஊரின் இயற்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஏன் உலகத்தில் எல்லா மனிதரும் பறவை பார்ப்பவர்களாக ஆகிவிடவில்லை என்று வியந்திருக்கிறார். ஹும்போல்டின் பயண நூல் இல்லாவிட்டால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார். தென்னமெரிக்காவில் கரையிறங்கி உள்நாட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு புத்தகம்தான் கொண்டுபோக முடியும் என்றால், மில்டனின் 'இழந்த சொர்க்கம்'தான் பையில் ஏறும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டார்வினின் அம்மா இறந்தது 1817இல், அவருக்கு எட்டு வயதில். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவைப் பற்றி எவ்வளவோ ஞாபகம் இருக்க வேண்டும். அவருக்கு எஞ்சியது மூன்றே மூன்று. இறந்து கிடந்த படுக்கை, கறுப்பு வெல்வெட் உடுப்பு, விசித்திரமாகச் செய்யப்பட்ட ஒரு தையல் மேஜை. முகம்கூட இல்லை. அக்காமார்கள் துக்கத்தில் அம்மாவின் பெயரையே எடுக்கமாட்டார்கள், அதனால்தான் தனக்கு மறந்துபோயிற்று என்று பின்னாளில் சொல்வதுண்டு. பேசாமல் விட்டால் ஓர் ஆள் எப்படி அழிந்துபோவார் என்பது அவருக்குச் சிறுவயதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது குழந்தை ஆனி. 1841 மார்ச் 2ஆம் தேதி பிறந்தவள். சாண்ட்வாக்கில் அப்பா நடக்கும்போது முன்னால் ஓடி, சுழன்று ஆடிக் காட்டுவாள். அவர் மூக்குப்பொடிக்கு ஏங்குவார் என்று தெரிந்து, திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக மாடிப்படியில் இறங்கி வருவாள். அரைமணி நேரம் உட்கார்ந்து அப்பாவின் தலைமுடியைச் சீவி 'அழகு' பண்ணுவாள். அகராதியில் சொல் தேடுவது, வரைபடத்தில் ஊர் தேடுவது, இரண்டு பதிப்புகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்ப்பது அவளுக்கு விளையாட்டு. 1850இல் உடம்புக்கு முடியாமல் போனது. 1851 மார்ச்சில் தண்ணீர் வைத்தியத்துக்காக மால்வெர்ன் ஊருக்குக் கூட்டிப்போனார். எம்மா நிறைமாதமாக இருந்ததால் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஏப்ரலில் ஆனிக்கு நிலைமை மோசமாகிவிட, டார்வின் போய்ப் பக்கத்திலேயே இருந்தார். இருவருக்கும் இடையில் தினமும் கடிதம். ஒரு கடிதம் போய்ச் சேர்வதற்குள் நிலைமை மாறிவிடும். நல்ல செய்தியை எம்மா படிக்கிற நேரத்தில் இங்கே குழந்தை துவண்டு கிடக்கும். ஏப்ரல் 23ஆம் தேதி நடுப்பகலில் ஆனி போய்விட்டாள். வயது பத்து.

இறுதிச் சடங்குக்குக்கூட அவர் நிற்கவில்லை. எம்மாவைப் பார்க்க உடனே ஊர் திரும்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 30ஆம் தேதி, உட்கார்ந்து ஆனியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். பிரசுரிக்க அல்ல. தாங்கள் உயிரோடிருந்து வயதான பிறகு, இப்போது எழுதிவைப்பது அவளை இன்னும் தெளிவாக ஞாபகப்படுத்தும் என்று அதில் காரணமும் சொல்கிறார். மூக்குப்பொடிச் சிட்டிகை, தலை சீவியது, நடையில் ஆடியது எல்லாம் நமக்குத் தெரிவது அந்தப் பக்கங்களால்தான். கொட்டலசை விவரிக்கிற அதே கை. அவள் கண்ணின் நிறம், முடியின் நிறம், எதைச் சொன்னால் எப்படி நடந்துகொள்வாள், எதிலும் மிகை இல்லை. அம்மாவின் முகத்தைத் தொலைத்தவர் மகளின் முகத்தைத் தொலைக்கத் தயாராக இல்லை என்று இதைப் படித்தால் புரியும்.

எம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை ஆழமானது. கல்யாணமான புதிதிலேயே கணவரின் சந்தேகங்களைக் கண்டு கலங்கி ஒரு கடிதம் எழுதினார். இறந்தபிறகு இருவரும் என்றென்றும் சேர்ந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர் பயம். டார்வின் வாதாடவில்லை. அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அதன் அடியில், தான் இறந்தபிறகு எம்மா பார்க்கட்டும் என்று, இதை எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மாவும் குழந்தைகளும் தேவாலயத்துக்குப் போவார்கள். நம்பிக்கை தளர்ந்துவிட்ட டார்வின் அந்த நேரத்தில் நடக்கப் போய்விடுவார். 'கொள்கை முரண்பாடு' என்று கட்சிகள் பிரிகிற காலத்தில், இதைவிடப் பெரிய முரண்பாட்டை மேஜையின் இரு பக்கத்தில் வைத்துக்கொண்டு இவர்கள் 5,285 ஆட்டம் பகடை உருட்டியிருக்கிறார்கள்.

துக்கம் அந்த வீட்டை விட்டபாடில்லை. 1858 ஜூன் 18ஆம் தேதி வாலஸின் கடிதம் வந்தது. 20 ஆண்டுகளாகத் தான் பொத்திவைத்திருந்த கருத்தை இன்னொருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். வேறொருவராக இருந்தால் லண்டனுக்கு ஓடியிருப்பார். இங்கே கடைக்குட்டி, ஒன்றரை வயதுக் குழந்தை, செங்காய்ச்சலில் கிடந்தது. ஜூன் 28ஆம் தேதி இறந்தது. ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டன. உயிரியல் வரலாற்றில் அது பொன்னாள் என்று புத்தகங்கள் சொல்லும். அன்று டார்வின் குழந்தையைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் தோட்டத்து வேலை நிற்கவில்லை. 1857இல் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்துவிட்டு, முளைக்கிற களை ஒவ்வொன்றையும் எண்ணினார். 357 முளைத்தன. 295ஐ நத்தையும் பூச்சியும் தின்றுவிட்டன. 'வாழ்க்கைப் போராட்டம்' என்று பின்னால் உலகமே முழங்கிய சொல்லுக்கு ஆதாரம், ஒரு பாய் விரிக்கும் அளவுகூட இல்லாத இந்தத் துண்டு மண்ணிலும் இருந்தது. ஆண் பம்பிள் தேனீக்கள் ஒரே தடத்தில் பறந்து குறிப்பிட்ட இடங்களில் நின்று ரீங்கரிப்பதைக் கண்டு, பிள்ளைகளைச் செடிக்கு ஒருவராக நிறுத்திவைத்தார். தேனீ வந்ததும் இதோ இங்கே என்று ஒருவர் கத்த, அடுத்தவர் தயாராக இருக்க, இப்படியே தடம் முழுவதும். விஞ்ஞானம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்குமா என்ன, கண்ணாமூச்சி மாதிரி ஒன்று.

அடுத்தது மண்புழு.

1837இல், கப்பலிலிருந்து வந்த மறுவருஷம், மாமா (எம்மாவின் அப்பா) தன் வயலில் ஒரு விஷயம் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் கரியும் இப்போது சில அங்குலம் கீழே இருந்தன. புழுக்கள் அடியிலிருந்து மண்ணை மேலே தள்ளித் தள்ளி மூடியிருக்கின்றன என்பது மாமாவின் ஊகம். டார்வின் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்ததோடு நிற்கவில்லை. 1842 டிசம்பரில், டௌனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டருகே ஒரு வயலில் சீமைச்சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பச் செய்தார். பிறகு காத்திருந்தார். எவ்வளவு நாள் என்கிறீர்கள்? 29 ஆண்டுகள். 1871 நவம்பரில் குறுக்கே பள்ளம் தோண்டினால், ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு போட்டாற்போல் அந்தச் சுண்ணாம்பு.

இன்னொரு வயல் 1841இல் கடைசியாக உழுதது, முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். பையன்கள் அதற்குக் 'கல் வயல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். சரிவில் ஓடினால் கல்லெல்லாம் கடகடவென உருண்டு சத்தம் போடும். இந்தக் கற்கள் மூடப்படுவதைத் தன் ஆயுளில் பார்ப்போமா என்று டார்வினுக்குச் சந்தேகமாக இருந்தது. 30 ஆண்டுகள் கழித்து, ஒரு குதிரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து ஓடினாலும் லாடத்தில் ஒரு கல் படாது. இதை அவர் எழுதுகிற இடத்தில் புழுவும் இருக்கிறது, ஓடிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அப்போது மீசை வைத்த ஆண்கள்.

வயதான காலத்தில் புழுக்களைப் பூந்தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். இரவில் விளக்கோடு போய்ப் பார்ப்பது. காது கேட்கிறதா என்று பார்க்க உலோக ஊதல் ஊதினார், கத்திப் பார்த்தார். மகன் பிரான்சிஸ் பசூன் என்ற கட்டைக்குரல் ஊதுகுழலை வாசித்தார். எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் விருட்டென்று பொந்துக்குள் போய்விட்டன. ஆக, காது இல்லை, அதிர்வு தெரிகிறது. பொந்தின் வாயை அடைக்க இலையை எந்த முனையில் பிடித்து இழுக்கின்றன என்று அறிய, காகிதத்தில் முக்கோணங்கள் வெட்டித் தூவினார். 303 முக்கோணங்களை எடுத்துப் பார்த்ததில் 62 சதவீதம் கூர்முனையில் பிடித்து இழுக்கப்பட்டிருந்தன. புழுவுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்று முடிவுக்கு வந்தார். ஒரு மொத்தக் குடும்பம், ஊர் உலகம் மதிக்கிற பெரியவர் தலைமையில், மண்புழுவுக்குக் கச்சேரி வைத்த காட்சியை யாராவது படம் எடுத்தால் நன்றாக இருக்கும்.

புத்தகம் 1881 அக்டோபரில் வந்தது. அவருடைய கடைசிப் புத்தகம். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார், ஆயிரக்கணக்கில் விற்றது. பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாக வெளிவருகிறது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. நமக்கு இந்தப் பிராணி புதிதல்ல, நாங்கூழ் என்று பழைய பெயரே உண்டு. பத்து ஆண்டு கழித்து, 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில் நடராசன் என்ற பாத்திரம் ஒரு நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து நின்று, அதன் உழைப்பை நீளமாகப் புகழ்கிறது. தத்துவப் பேராசிரியர் எழுதிய அரசர் கதையில் புழுவுக்கு ஒரு வாழ்த்துப்பா! தமிழ் வகுப்பில் நாடகத்தின் முன்னால் வரும் தமிழ்த்தெய்வ வணக்கத்தைப் பாடிவிட்டு எழுந்துவிடுவதால் இந்தப் புழு பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

இப்போது மில்டனுக்கு வருவோம். 1876இல், பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்குமாகத் தன் வாழ்க்கையை எழுதிவைத்தார் டார்வின். அதில் ஒரு பகுதி படிக்கவே சங்கடமாக இருக்கும். முப்பது வயது வரை கவிதையில் மூழ்கிக் கிடந்தவர், இப்போது ஒரு வரி கவிதையும் படிக்க முடியவில்லை என்கிறார். ஷேக்ஸ்பியர் குமட்டுகிறது. இசையிலும் ஓவியத்திலும் நாட்டம் போய்விட்டது. தன் மூளை தகவல்களை அரைத்து விதிகளாக்கும் இயந்திரம் போல ஆகிவிட்டது, மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படித்து இசை கேட்பேன், இதை இழப்பது மகிழ்ச்சியை இழப்பது என்று எழுதுகிறார். நாவல் மட்டும் மிச்சம். அதுவும் சுபமாக முடிய வேண்டும், சோக முடிவுக்கு எதிராகச் சட்டமே போட வேண்டும் என்பார். நம் பாட்டிமார் டிவி சீரியலில் கதாநாயகி செத்துவிட்டால் கோபப்படுகிற அதே நியாயம். மூன்று குழந்தைகளைப் புதைத்தவர் கற்பனையிலும் இன்னொரு சாவைக் கேட்க மறுத்தால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது. சாண்ட்வாக்கின் மரங்களையும் தோட்டத்துப் பூக்களையும் கடைசிவரை ரசித்தவர். பூவின் இதழை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அதற்கு நன்றி சொல்வது போல நிற்பார் என்று பிரான்சிஸ் நினைவுகூர்கிறார். கல் வயலில் ஓடிய பிள்ளைகளின் சத்தத்தை 30 ஆண்டுகளுக்குப் பிறகும் காதில் வைத்திருந்த மூளை வெறும் இயந்திரம் என்றால் நம்புவது கஷ்டம். ஆனாலும் இழப்பை அவர் பொய்யாகச் சொல்லவில்லை. கப்பலில் மில்டனைச் சுமந்த பையனை அவர் நிஜமாகவே தேடியிருக்கிறார்.

1882 ஏப்ரல் 17ஆம் தேதி, பிரான்சிஸ் ஊரில் இல்லாததால், மகனுடைய செடிப் பரிசோதனை எப்படிப் போகிறது என்று அவரே பார்த்துக் குறித்துவைத்தார். 19ஆம் தேதி இறந்தார். டௌன் தேவாலயத்தில், தன் குழந்தைகள் இருக்கும் இடத்தில் தன்னையும் புதைப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தார். தேசம் விடவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். எம்மா அந்தச் சடங்குக்குப் போகவில்லை, டௌனிலேயே இருந்துவிட்டார்.

ஆனியின் கல்லறை மால்வெர்னில் இருக்கிறது. 1863இல் கணவனும் மனைவியும் அங்கே போயிருந்தபோது எம்மா முதலில் தேடிப் பார்த்தார், கல் கண்ணில் படவில்லை. பழைய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி விசாரித்த பிறகு, செடிகொடி மறைத்திருந்த இடத்தில் கண்டுபிடித்தார்கள். எம்மா ஆனியைப் பற்றிப் பேசுவதே அபூர்வம் என்று இன்னொரு மகள் ஹென்ரியெட்டா சொல்லியிருக்கிறார். ஆனால் ஆனியின் எழுதுபெட்டியை மட்டும் அவர் எங்கும் விடவில்லை. 1896இல் எம்மா இறந்தபிறகு அது கைமாறிக் கைமாறி, டார்வினின் கொள்ளுப்பேரன் தலைமுறையும் தாண்டி, ராண்டல் கெய்ன்ஸ் என்பவரிடம் வந்தது. குடும்பச் சாமான்களுக்கு நடுவில் அதைத் திறந்து பார்த்தவர், 2001இல் அந்தப் பெட்டியை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். உள்ளே இறகுப் பேனாக்களும் எழுதுதாளும் இருந்தன. ஒரு கற்றை முடி. அதோடு கடைசி மாதங்களில் ஆனிக்கு எந்தெந்த நாள் உடம்பு எப்படி இருந்தது என்று டார்வின் தன் கையால் குறித்துவந்த ஒரு தாள்.